கட்டை போடுகிறவள்

டிச. 3, புதன்

நல்ல குளிர். கீசர் மறுபடி மக்கர். அடுப்பில வெந்நீர் வச்சுக் குளியல்.

பிரக்ஞா கிளம்பிட்டா. மூணு வருஷமா இந்த கோந்த்வா ஃப்ளாட்டில என்கூட இருந்தவ, ஒரே கிரிக்கெட் கிளப், ஒரே டீம். லீக் ஏலத்தில அவளை எடுத்துட்டாங்க. பெங்களூர்ல கேம்ப். சாமானை நான்தான் கட்டிக் கொடுத்தேன். விட்டுட்டுப் போனது: சப்பாத்திக் கல், பாதி ஷாம்பு, கொடியில ஒத்தை சாக்ஸ்.

ஏலத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே சோபாவில உக்காந்து பார்த்தோம். அவ பேரை வாசிச்சதும் கத்தினோம். என் பேர் வரவே இல்லை. தொண்டை கட்டிப் போச்சு எனக்கு. அவளுக்காகக் கத்தினதுதான்.

ரிக்‌ஷாவில ஏறி உக்காந்தப்புறம் சொன்னா: "நீயும் கொஞ்சம் அடிச்சுப் பாரேன்டி. தடுத்துக்கிட்டே இருந்தா யாரு பார்ப்பா?" குத்திக் காட்டினது இல்லை. பாசமாத்தான் சொன்னா. அதான் உறைச்சது.

சாயங்காலம் ரெண்டு பேருக்கு அரிசி களைஞ்சுட்டேன். பழக்கம்.

டிச. 5, வெள்ளி

ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகை. பி.டி. டீச்சர்னா சுண்ணாம்புக் கோடு போடுறதும் நம்ம வேலைதான். முழங்கால் வரை வெள்ளை.

அப்படியே நெட்ஸ் ப்ராக்டிஸுக்குப் போனேன். கோச் ஸர் நல்ல மனுஷன், சுத்தி வளைக்கத் தெரியாது. "எஸ்தர், டி20 டீம்ல நீ இல்லை. செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கிற மூணு நாள் மேட்ச்ல ஓப்பனிங் நீதான்." சந்தோஷப்படலாம்னு பார்த்தேன். "அந்த வேலைக்கு வேற யாருக்கும் பொறுமை இல்லை"ன்னார். பாத்திரம் தேய்க்க ஆள் தேடுற மாதிரி.

அரை மணி நேரம் கிரவுண்டு நடுவுல தூக்கி அடிக்கப் பழக்கினார். ரெண்டு மூணு பந்து நல்லாவே போச்சு, சைட் ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம். பொண்ணுங்க கை தட்டினாங்க. எனக்கு என்னமோ யாரோட கையையோ என் தோள்ல மாட்டின மாதிரி.

டிரஸ் மாத்துற ரூம்ல இருந்து ஒரு குரல் (தாயின்னா மராத்தியில அக்கா): "எஸ்தர் தாயி ஒரு தடவை பேட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் மெஹந்தி போட்டு, காய்ஞ்சு, கழுவியாச்சு." சிரிப்பு. வெளியில நின்னு நானும் சிரிச்சேன். நல்ல ஜோக். அவங்க வெளியே வர்றதுக்குள்ள நகர்ந்துட்டேன்.

பால், வாழைப்பழம், முழங்கால் தைலம் வாங்கணும். வாங்கல.

டிச. 7, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு கடக்வாஸ்லா பஸ். அப்பா தனியா இருக்கார், அம்மா போனதிலிருந்து. மிலிட்டரி மெஸ்ஸில சமைச்சவர். இப்ப ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு தெரியல அவருக்கு. ஒரு சட்டி நிறைய மட்டன்.

சாப்பிடுறப்போ கேட்டேன். "அப்பா, என் ஆட்டம் போரா இருக்கா?"

"ஆமாட்டி." எலும்பைச் சப்பிக்கிட்டே. ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

"நெஜமாவா?"

"உன் மேட்ச்சுல நான் எத்தன மட்டம் தூங்கிருக்கேன்னு உங்கம்மைக்குத்தான் தெரியும். பக்கத்துல இருந்து இடிச்சு எழுப்புவா."

சோத்தைப் பிசைஞ்சேன். அப்புறம் அவரே: "மத்த பிள்ளைய ஆடுதப்ப தூக்கம் வராதுல்லா. எப்பம் அவுட்டாவாளோன்னு கிடந்து அடிச்சுக்கும். நீ நின்னா கண்ணு தன்னால சொக்கிரும்."

பாராட்டா, புகாரா? கேட்கல. இன்னொரு துண்டு எடுத்து என் தட்டில வச்சார்.

"அந்தப் பிள்ள போன பெறவு நீ ஒத்தையிலயா இருக்க?"

"ம்."

"இங்க வந்துரேன்."

"ஸ்கூல் ரொம்ப தூரம்ப்பா."

"அதுவுஞ் சரிதான்."

திரும்பி வர்றப்போ டேம் ஓரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுட்ட சோளம், பஜ்ஜி, பைக்குக்கு ரெண்டு பேர். ஜன்னல் சீட் கிடைச்சது. பக்கத்து சீட்ல என் பை.

டிச. 9, செவ்வாய்

மேட்ச் முதல் நாள். பிம்ப்ரி கிளப்போட. டாஸ் தோத்து நாள் பூரா ஃபீல்டிங். அடி அடின்னு அடிச்சாங்க. வலது முழங்கை தோல் போச்சு. பார்க்க வந்தவங்க: ரெண்டு அம்மாக்கள், ஒரு நாய்.

டிச. 10, புதன்

எங்க முதல் இன்னிங்ஸ் மதியத்துக்கு மேல தாங்கல. அவங்க வேகப்பந்து வீச்சுக்காரி ஒருத்தி, சாயலி. ஒல்லி, நீளக் கை, ஓடி வர்றப்போ நாக்கைக் கடிச்சுக்குவா. ஆளாளுக்கு அவளை அடிக்கப் போய் வந்த வழியே திரும்பினாங்க. நான் ரன் அவுட். வா வான்னு கூப்பிட்டவ திரும்பிப் போயிட்டா.

ஃபாலோ ஆன். கையோட மறுபடி நாங்களே பேட் பண்ணணும். சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சேன். நாளைக்கு நாள் பூரா நின்னா டிரா. கோச் ஸர்: "ஜெயிக்க முடியாது. நில்லு. போதும்."

நிக்கத் தெரியும் எனக்கு.

டிச. 11, வியாழன்

தோத்துட்டோம். எழுதிடறேன்.

காலையில பந்து ஈரத்துல நெளிஞ்சது. வெளியே போறதை விட்டேன், உள்ளே வர்றதைக் கட்டை போட்டேன். எதிர்ப்பக்கம் ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி நாலு விக்கெட். வர்றவகிட்ட எல்லாம் ஒரே பேச்சு, "அவசரமே இல்லை." தலையை ஆட்டுவா. ஆட்டிட்டுத் தூக்கி அடிப்பா.

எனக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கும் சொல்ல முடியாத விஷயம், இங்கேயாவது எழுதறேன். கிரீஸ்ல நிக்கிறப்போ தனியா இருக்கிற மாதிரியே தோணல. எதிரே ஒருத்தி நாள் பூரா என்னையே யோசிச்சுக்கிட்டு ஓடி வர்றா. என் கால் எங்கே, என் தலை எங்கே, எனக்கு எது பிடிக்காதுன்னு அவ்வளவு அக்கறை. வேற எங்க கிடைக்கும் இது?

டீக்கு அப்புறம் சாயலிக்குப் பொறுமை போச்சு. பந்து போட்டுட்டு என் முன்னாடி வரைக்கும் வந்து நின்னு, இடுப்புல கை வச்சுக்கிட்டு மராத்தியில: "தாயி, உங்களுக்கு வீடு வாசல் எதுவும் இல்லையா?" அக்காங்கிற அர்த்தத்துலதான். நம்ம காதுக்கு வேற மாதிரி விழும். விக்கெட் கீப்பர் சிரிச்சா. நான் கிளவுஸைக் கழட்டி மாட்டினேன். அடுத்த பந்தையும் தடுத்தேன்.

கடைசியா ருக்சானா வந்தா. பேட்டைப் பிடிக்கிறதே தொடப்பம் மாதிரிதான், ஆனா பயந்து பயந்து நின்னா பாவம். முடிஞ்ச வரைக்கும் நானே பந்தை வாங்கினேன். வெளிச்சம் மங்கி வந்தது. முடியப் போகுது, இன்னும் கொஞ்சம்தான். சாயலி பந்து, ருக்சானா பேட் ஓரம், ஸ்லிப்ல கேட்ச்.

அவங்க எல்லாம் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தாங்க. ருக்சானா அழுதா. நான் இந்தப் பக்கம், பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு. நாட் அவுட்.

இன்னிங்ஸ் தோல்வி. ஒன்பது ரன்ல.

டிச. 12, வெள்ளி

உடம்பு முழுக்க வலி. ஸ்கூல்ல விசிலைக் கழுத்தில மாட்டிக்கிட்டு நாற்காலியிலயே வேலை.

மதியம் கோச் ஸர் போன். "நல்லா நின்னே"ன்னார். அப்புறம் மெல்ல, அவருக்கு மெல்லப் பேச வராது, ஆனா பேசினார்: "இன்னும் ஒரு பத்து ரன் எடுத்திருந்தா அவங்க மறுபடி பேட் பண்ண வந்திருக்கணும். அதுக்கு நேரமே இருந்திருக்காது. டிரா ஆகியிருக்கும், எஸ்தர்."

தெரியும் ஸர்னு சொன்னேன். அந்தக் கேட்சைப் பிடிச்சப்பவே தெரியும்.

மத்தவங்க எல்லாம் அடிக்கப் போய் அவுட். நான் அடிக்காம நின்னேன். ரெண்டும் சேர்ந்துதான் தோத்தோம். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் ஆஃப் சைடுல ரெண்டு மூணு பந்து லட்டு மாதிரி வந்தது. கவர்ல ஆளே இல்லை. விட்டேன். என்னத்துக்கு விட்டேன்?

நிக்கிறவளை உலகம் மதிக்கலன்னு இத்தனை நாள் உள்ளுக்குள்ள ஒரு முறைப்பு இருந்தது. நான் இல்லைன்னா மேட்ச் முந்தின நாளே முடிஞ்சிருக்கும், அதுவும் நிஜம். ஆனா அந்தப் பந்துகளை விட்டது பொறுமையா, பயமா? வெளியிலருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரே முகம். உள்ளே இருக்கிற எனக்கே சில நேரம் பிரிக்கத் தெரியல. மேட்ச்ல மட்டும்தானா இது?

பிரக்ஞா புது ஜெர்சியோட ஃபோட்டோ அனுப்பியிருக்கா. "நேத்து நாள் பூரா"ன்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன். அழிச்சேன். ஒரு ஹார்ட் அனுப்பினேன்.

ராத்திரிச் சாப்பாடு மேகி.

தெரியாத நம்பர்லருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பெண் குரல், மராத்தி, பின்னாடி மெட்ரோ அறிவிப்பு. "தாயி, நான் சாயலி. பிம்ப்ரி. ருக்சானாகிட்ட நம்பர் வாங்கினேன். வீடு வாசல்னு கேட்டது தப்பு, மனசுல வச்சுக்காதீங்க. நாள் பூரா போட்டும் உங்களை எடுக்க முடியல, அதே ஞாபகமா இருக்கு. நாளைக்குக் காலையில உங்க நெட்ஸ்க்கு வரவா? எனக்குப் பேட் பண்றீங்களா?"

மூணு தடவை கேட்டேன். "வா"ன்னு எழுத அவ்வளவு நேரம்.

டிச. 13, சனி

ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம். கிரவுண்டுல யாரும் இல்லை, வாட்ச்மேன் தவிர. சாயலி வரமாட்டான்னு நினைச்சுக்கிட்டே காலுக்குப் பேட் கட்டினேன். ரிக்‌ஷாவிலருந்து இறங்கினா. தோள்ல கிட், கையில டப்பா நிறைய போஹா, அவல் உப்புமா. "அம்மா கொடுத்து விட்டாங்க. முதல்ல சாப்பிடுவோமா, போடுவோமா?"

"போடு."

ஓடி வந்தா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்லா தூக்கிப் போட்ட பந்து. நான் எப்பவும் விடுற பந்து. காலை நீட்டி டிரைவ் அடிக்கப் போனேன். உள்ளே திரும்பிச்சு. ஆஃப் ஸ்டம்ப் குட்டிக்கரணம் போட்டு வலையில போய் விழுந்தது.

அவ அப்படியே நின்னா. அப்புறம் கையை விரிச்சுக்கிட்டு, யாருமே இல்லாத கிரவுண்டைச் சுத்தி ஓடினா. கத்தின கத்துல வாட்ச்மேன் எழுந்து வந்துட்டார். எனக்கு அடக்க முடியல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சா மூச்சு முட்டுது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தா. "இது செல்லாது தாயி. நீங்க அடிக்கப் போனீங்க."

"செல்லும்"னேன். ஸ்டம்பை நட்டேன். "இன்னொண்ணு போடு."