அடிவாரம் வரை செல்லும் சீட்டு

தூன்,
செப்டம்பர் 18

அன்புள்ள கொன்ராட்,

நான் நலம். அக்கா ட்ரூடியும் நலம். உன்னை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நான் வந்து இரண்டாவது வாரம் நடக்கிறது, உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. மலிவுத் தபால்தலை ஒட்டியிருக்கிறாய். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனதுகூட உனக்கு அவசரத் தபால் போடுகிற விஷயமில்லை போலிருக்கிறது.

ஏன் போனேன் என்று புரியவில்லையாம். சொல்கிறேன். இந்த வருடம் நம் திருமண நாள் வந்தபோது பிரியென்ஸில், மலை ரயில் கிளம்புகிற இடத்தில், பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்தாய். முட்டையை உரித்துக் கையில் கொடுத்தாய். "மேலே போகலையா?" என்று கேட்டேன். "நம்ம சீட்டு இதுவரைக்கும்தான் எல்ஸ்பெத். மேலே போகத் தனியா காசு கேக்கறான். இங்கேருந்தே எவ்வளவு அழகா தெரியுது பாரு!" என்றாய்.

எந்த ஊர் போனாலும் இதே பேச்சுதான். இந்த நாட்டு மலைகளின் அடிவாரங்களை என்னைப்போல் பார்த்தவள் யாரும் இருக்க முடியாது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமலே முப்பத்து நான்கு வருடம் போய்விட்டது. நமக்கு என்ன குறை? வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, உனக்கு ஓய்வூதியம் வருகிறது. "உன் புருஷன் எச்சக் கையால காக்கா ஓட்ட மாட்டான்டி" என்கிறாள் ட்ரூடி. "கஞ்சன் இல்லக்கா, எதுவும் வீணாகக் கூடாதுன்னு நினைக்கிறவன்" என்று உன் பக்கம்தான் பேசினேன். பேசி முடித்ததும் எனக்கே அலுப்பாக இருந்தது.

ஒரே ஒரு தடவை போதும். ஏதாவது ஒரு மலையின் உச்சிவரை என்னோடு வா. என் பக்கத்தில் உட்கார்ந்து வா. அன்றைக்கே உன்னோடு ஓல்ட்டனுக்குத் திரும்பிவிடுகிறேன். முடியாதென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். மிரட்டல் என்று நினைத்தாலும் சரி.

உன்
எல்ஸ்பெத்

*

ஓல்ட்டன்,
செப்டம்பர் 24

என் அன்பு எல்ஸ்பெத்,

இந்த முறை அவசரத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன், கவனித்தாயா?

உன் கடிதம் என்னைச் சுட்டது. அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் நம்மைப்போல் ஊர் சுற்றியிருக்கிறார்கள்? நகராட்சியில் மலிவு விலை ரயில் நாள் சீட்டு வந்த அன்றே போய் வரிசையில் நின்றவன் யார்? அப்படி மிச்சம் பிடித்ததால்தானே மாதத்துக்கு ஒரு பயணம் போக முடிந்தது? மலைமேல் ஒரு தட்டு சூப்புக்குக் கேட்கிற காசில் நாம் தெற்குக் கோடியில் இருக்கும் லுகானோ வரை போய் வந்திருக்கிறோம். அதையெல்லாம் நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது எனக்கு வருத்தம்.

ஆனாலும் வீடு வீடாக இல்லை. ரொட்டி பாதி காய்ந்து போகிறது. நாம் பயணங்களுக்கு எடுத்துப் போகிற ஃப்ளாஸ்க் இரண்டு பேருக்கானது. டீயை ஊற்றிக் குடித்துப் பார்க்கிறேன், தீர மாட்டேன் என்கிறது. நீ வந்துவிடு.

சரி, உன் விருப்பப்படியே ஒரு மலை உச்சிக்குப் போவோம், கெம்மிஹோர்ன் மலைக்கு. அக்டோபர் பத்தாம் தேதி, சனிக்கிழமை. கம்பிவடம் இழுத்து ஏற்றும் இழுவை ரயிலில் உச்சிவரை இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன். நம்பு! முதல் வண்டியில் ஏறுகிறோம், காலையில்தான் பார்வை சுத்தமாக இருக்கும். நான் விடியும் முன்பே கிளம்பி வந்துவிடுவேன். நீ தூனிலிருந்து நேராக அடிவாரத்துக்கு வந்துவிடு. தாமதம் மட்டும் செய்யாதே.

உன்
கொன்ராட்

*

ஓல்ட்டன்,
அக்டோபர் 10, மாலை

எல்ஸ்பெத்,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

நடந்ததை நிதானமாக யோசித்துப் பார். ஸ்பீட்ஸ் நிலையம் தாண்டித் தண்டவாளத்தில் பசுமாடு நிற்கிறது, அடுத்த வண்டியில் போகலாம், காத்திரு என்று போனில் சொன்னாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் நம் சீட்டு முதல் வண்டிக்கு மட்டும் செல்லும் சலுகைச் சீட்டு. அதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வண்டி கிளம்ப மணி அடித்துவிட்டார்கள். நான் நின்றுவிட்டால் இரண்டு சீட்டும் வீண். ஏறினால் ஒன்றாவது பிழைக்கும். எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். உன் சீட்டை, சீட்டு விற்கிற ஜன்னலில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மாடு மறித்த கதையைக் கேட்டால் இரக்கப்பட்டு விட்டுவிடுவாள் என்று நம்பினேன்.

மேலே மூடுபனி காலுக்குக் கீழே கிடந்தது. நல்ல வெயில். என் பக்கத்து இடத்தில் பையை வைத்து உனக்காகப் பிடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து பார்த்தேன். சலுகைச் சீட்டில் நண்பகலுக்குள் இறங்கியாக வேண்டும், அதனால் இறங்கினேன். பாதி வழியில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் விலகுகிற இடத்தில் பார்த்தால், மேலே போகிற வண்டியில் நீ! கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன். நீ ஒரு கைகூட அசைக்கவில்லை.

பிறகு ஏன் மலையின் மறுபக்கமாக நடந்து இறங்கிப் பேருந்து பிடித்தாய்? அதுவும் ட்ரூடி போனில் சொல்லித்தான் தெரிந்தது. நான் அடிவாரத்துப் பெஞ்சில் மதியம் முழுக்கக் காத்திருந்தேன். "அவங்க மேலேதானே இருக்காங்க, நீங்களும் போங்களேன்" என்றாள் அந்தப் பெண். மறுபடி மேலே வர முழுக் கட்டணம், எல்ஸ்பெத். ஒரே நாளில் ஒரே மலைக்கு இரண்டு தடவையா?

எப்படியோ, நீயும் உச்சியைப் பார்த்துவிட்டாய், நானும் பார்த்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. சூப் வைக்கிறேன்.

உன்
கொன்ராட்

*

தூன்,
அக்டோபர் 13

அன்புள்ள கொன்ராட்,

மாட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. ரயிலில் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தோம். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

மாட்டால் இணைப்பு ரயிலும் தவறி, நான் அடிவாரத்துக்கு வரும்போது பதினொரு மணி தாண்டிவிட்டது. நீ இல்லை. ஜன்னல் பெண், பாவம், எனக்காக அவள் கூச்சப்பட்டாள். "உங்க வீட்டுக்காரர் மேலே போயிட்டாரும்மா. இந்தச் சீட்டு இனிமே செல்லாது. மனசு கேக்கல, ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு திசையைப் பார்த்தார்கள். அந்த அவமானத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

முழுக் கட்டணம் கொடுத்து ஏறினேன். அப்போதும் உன்மேல் நம்பிக்கை இருந்தது. மேலே நிற்பான், திட்டலாம், பிறகு பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். வண்டிகள் விலகுகிற இடத்தில் உன்னைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, கொன்ராட். கண்ணாடியைத் தட்டினாய். ஜன்னலின் மேல்பாதி திறந்திருந்ததால் உன் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. "முழுச் சீட்டா எடுத்தே?" என்றாய். உன் வண்டியிலும் என் வண்டியிலும் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கை எழும்பவில்லை.

உச்சியில் உன்னை நினைத்து அழுவேன் என்று பயந்தேன். அழவில்லை. உணவகத்தில் உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ரோஷ்டியும் முட்டையும் வாங்கி, சூடாக, மேஜையில் வைத்துச் சாப்பிட்டேன். பனிக்கு மேலே ஒவ்வொரு சிகரமாகப் பேர் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவை. திரும்புகிற ரயில் எத்தனை மணிக்கு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நன்றாக இருந்தது. நீ பக்கத்தில் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதனால்தான் நீ காத்திருக்கக்கூடிய பக்கமாக இறங்காமல் வேறு வழியாக நடந்தேன்.

நீ நல்லவன். நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் ராத்திரி பகலாக விழித்திருந்து பார்த்துக்கொண்டவன். நான் அதை யாரிடமும் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் கேட்டது மலையை இல்லை என்பது, உச்சிவரை போய்விட்டு வந்தும் உனக்குத் தெரியவில்லை.

ட்ரூடி மாடி அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். என் குளிர்காலக் கோட்டையும் தையல் பெட்டியையும் எடுத்து வைத்துவிடு. அவள் மகன் காரில் வந்து வாங்கிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை சூப் வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒருவருக்கு மட்டும் வை. வருகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே வை.

எல்ஸ்பெத்