கடல்மேல் போன சாப்பாட்டுக்கடை

பிப்ரவரி 3
இதெல்லாம் நடக்கும் என்று போன குளிர்காலத்திலேயே சொன்னேன். சாட்சிக்கு என் பன்றி இருக்கிறது. அக்கா மகள் நோல்ஃபா சாப்பாட்டுக்கடை நடத்தும் கரைநிலத்தை யாரோ பட்டணத்துக்காரன் வாங்கிவிட்டான். பலகை வீடு அவளுடையது; அடியில் கிடக்கும் மண் அவனுடையது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

வளைகுடாவுக்கு அக்கரையில், என் உருளைக்கிழங்குக் காட்டோரம் இடம் தருகிறேன் என்றேன். சிலோயே தீவிலேயே அப்படி ஓர் இடம் கிடையாது.

“வீட்ட யாரு மாமா தூக்கிட்டு வர்றது? நீங்களா?”

நாற்பது வயதில் என்றால் தூக்கியிருப்பேன்.

பிப்ரவரி 5
மிங்கா கூட்டினால் ஊரே கூலியில்லாமல் வந்து வீட்டை இழுத்துக் கொடுக்கும். ஆனால் வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காத வீட்டுக்கு யாரும் கயிறு எடுத்து வரமாட்டார்கள். அது அவமரியாதை. இவளோ முகம் கொடுத்துப் பேசவே யோசிப்பவள் — என்ன செய்ய?

பிப்ரவரி 6
நோல்ஃபா அடுப்படியில் விம்மி விம்மி அழுதாள். “என் வாயால கேக்க வெக்கமா இருக்கு மாமா. எனக்காக நீங்க போங்க” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கல்லும் கரைந்திருக்கும். நான் கல்லைவிட இளகியவன்.

பிப்ரவரி 8
பதினேழு வீடு ஏறி இறங்கினேன். இருபத்திரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய படகு எராஸ்மோவிடம்தான்.

“ஏன், அவளுக்குக் கால் இல்லயா?” என்றார். “பதினோரு வருசமா நான் புடிக்கிற சிப்பியத்தான் சமைக்கிறா. ஒரு வார்த்த வந்து கேட்டா கிரீடம் எறங்கிடுமோ?”

“அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்குண்ணே.”

அவர் மூக்கைச் சிந்தினார். “சரி சரி, படகு வரும். ஒன் வாய மூடு.”

பிப்ரவரி 15
மழை.

பிப்ரவரி 21
விடியும்போதே கயிறும் நுகமுமாக ஊர் வந்து நின்றது. நோல்ஃபா என்னை முறைத்துவிட்டு, சுவரில் தொங்கிய பாத்திரங்களை இறக்கத் தொடங்கினாள்.

எட்டு ஜோடி எருதுகள் கடையைக் கரைக்கு இறக்கின. அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டினோம். கடல் ஏற ஏற, தூக்கத்தில் புரண்டு படுப்பவள்போல வீடு மெல்ல அசைந்து, எழுந்து, மிதந்தது. முன்னால் ஆறு படகுகள். பனிமூட்டத்துக்குள் கடை நடந்து போனது. சன்னல் திரை ஆடியது. புகைபோக்கிமேல் ஒரு கடற்காகம் உட்கார்ந்து கூடவே பயணம் செய்தது. தண்ணீருக்குள் இன்னொரு கடை, தலைகீழாக. நான் விழித்திருக்கிறேனா? படகில் ஒருவரும் பேசவில்லை. நானும்தான். உலகத்தில் இது யாருக்கும் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 22
குழி வெட்டி, நெருப்பில் காய்ந்த கல்மேல் சிப்பி, கறி, கிழங்கு எல்லாம் போட்டு, இலை மூடி வேகவைத்தோம். வழக்கப்படி விருந்து போடவேண்டியவள் நோல்ஃபா. ஆனால் ஆளுக்கொரு கூடையோடு வந்துவிட்டார்கள். “ஒன் அடுப்பு எரிஞ்சாத்தான எங்க கெழங்கு விக்கும்?” என்றாள் எராஸ்மோவின் மனைவி ஓர்தென்சியா. ஆப்பிள் கள்ளில் எனக்கு வானம் கொஞ்சம் மிதந்தது.

மார்ச் 9
கடை திறந்தாயிற்று. உட்கார இடமில்லை. நோல்ஃபா என் தட்டில் கறியைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

“எராஸ்மோ என்னமோ சொல்றாரு. நான் அழுது ஒங்கள அனுப்பினேனாம்?”

“அவருக்கு வயசாயிடுச்சு.”

என்னையே பார்த்தாள். பிறகு இன்னொரு கரண்டி போட்டாள்.

பிப்ரவரி ஆறாம் தேதி எழுதியது பொய். அவள் அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. “யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். நீங்களும் போகக் கூடாது. கடைய வெறகா ஒடைச்சுட்டுப் போறேன்” என்றாள். கோடரி தீட்டி வைத்திருந்தாள்.

அழுதது நான்தான், எராஸ்மோ வீட்டு வாசலில்.