படத்தில் இருந்த இரண்டு குழிகள்

12.11.2006, ஞாயிறு

எங்கள் கல்லூரிக் காலண்டரில் என் ஆராய்ச்சிப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கேலக்சிக் கூட்டத்தை எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படம். நடுவிலுள்ள கருந்துளை சீறித் தள்ளியதில், சுற்றி ஆரஞ்சாகத் தெரியும் சூடான வாயுவில் இரண்டு கறுப்புக் குழிகள். அந்தக் குழிகள்தான் என் ஆராய்ச்சியே.

சிவகாசி அச்சகத்தில் படங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வீட்டுக்காரர்தான். இன்று காலண்டரைக் கொண்டுவந்தார். குழிகளைக் காணோம். ஒரே ஆரஞ்சு.

"கறை மாதிரி தெரிஞ்சது. பாக்குறவுக அச்சு சரியில்லம்பாக. நாந்தான் அடைச்சேன்" என்றார், பெருமையாக.

"தெனமும் ராத்திரி அதைப் பத்தித்தானங்க சொன்னேன்? 'ம்' கொட்டுனீகளே!"

"அதெல்லாம் யாரு கேட்டா? படுத்ததும் தூங்கிருவேன்ல."

இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறார். நானும் 'ம்' கொட்டிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.