வதனியின் பைடன்ஸ் பாத்தி

என் செல்ல மகளே, வதனி மனே,

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட உன் அப்பா எழுதுகிறேன். பிழை கிடந்தால் பொறுத்துக்கொள். நீ இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் தந்திருப்பாய்.

சண்டை முடிந்துவிட்டது. நாங்கள் இப்போது தன்னாமுனையில் இருக்கிறோம். கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகத் தந்த வீடு. இங்கே கடல் சத்தம் கேட்காது என்கிறார்கள். எனக்குக் கேட்கிறது.

உன் பைடன்ஸ் பூ இருக்கிறது, மனே. நுவரெலியாவிலிருந்து மாற்றலாகி வந்த உன் ரீச்சரிடம் நீ வாங்கி வந்து பாத்தி கட்டினாயே, அதே பூ. அவரிடமே போய்க் கேட்டேன். ஊசி போன்ற கறுப்பு விதைகளைக் கடதாசியில் சுற்றித் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிவாரணத்துக்கு வந்த எண்ணெய்த் தகரங்களில் போட்டேன். அடியில் துளை போட மறந்துவிட்டேன். மாரி மழையில் தண்ணீர் தேங்கி, ஒரு கிழமைக்குள் எல்லாம் அழுகிவிட்டன. "தண்ணி நிண்டாச் செடிக்கு மூச்சு முட்டும், அப்பா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? தகரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.

பிறகு கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு சாக்கு வயல் மண்ணைச் சைக்கிளில் கட்டி வந்தேன். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"மூட்டையில என்ன?"

"மண், ஐயா."

"மண்ணுக்குள்ள?"

"அதுவும் மண்தான், ஐயா."

கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கட்டி உடைக்கும் வேலை எனக்கு மிச்சம். மணலும் கலந்து, இந்த முறை துளை போட்டேன். போட்ட துளைகளைப் பார்த்து, "இதென்ன, இடியப்பம் புழியவா?" என்று அம்மா கேட்டாள். நல்ல வெயிலில் வைத்து, நுனி கிள்ளி, வாடிய பூவை வெட்டிவிட்டேன். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை என்று தகரம் நிறையப் பூத்துவிட்டது.

பாத்தியில் மட்டும் நடவில்லை. பாத்தி என்றாலே நீ குனிந்து நிற்பது தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் கேட்கிறது.

"அப்பா, வந்து பாருங்க. ஒரு பூ ரெண்டு நிறத்தில பூத்திரிக்கி."

லீவு நாள்தானே, பிறகு பார்க்கலாம் என்று பாயில் கிடந்தபடி சொன்னேன்: "மறுகா வாறன், மனே."

பிறகு தண்ணீர்தான் வந்தது. என்னையும் அம்மாவையும் தென்னையில் கொண்டுபோய்ச் செருகியது. உன்னை எங்கே வைத்தது?

நீ கூப்பிட்டதை அம்மாவிடம் நான் சொன்னதேயில்லை. உடம்பு கிடைக்கவில்லை என்று சாட்டுச் சொல்லி, உனக்குத் திவசம் கொடுக்கவும் விடவில்லை. அதற்கு உட்கார்ந்தால் இதுவும் வாயில் வந்துவிடும் என்ற பயம்.

நேற்று அம்மா மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றாள். "சண்டையும் முடிஞ்சிது. இன்னும் எங்க தூக்கிட்டு ஓடப் போறீங்க இந்தத் தகரங்கள? மண்ணில வைப்பம்."

அவள் கொத்தத் தொடங்கியதும் நான் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. எல்லாம் சொன்னேன். மண்வெட்டியாலேயே போடுவாள் என்று நின்றேன்.

அவள் நிமிரவில்லை. "எனக்கும் கேட்டதுதான்," என்றாள். "அம்மா எண்டும் கூப்பிட்டவள். அடுப்பில ரொட்டி கிடந்திச்சி. நானும் போகல்ல."

இத்தனை வருடம் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கிறோம், மனே. எப்படி இருந்தோம்?

மீதிப் பாத்தியை நான் கொத்தினேன். வருகிற மார்கழியில் உனக்குத் திவசம் கொடுப்போம். பெயர் என்னவென்று ஐயர் கேட்கும்போது, இருவருமாக வாய் திறந்து உன் பெயரைச் சொல்லுவோம். இது சத்தியம்.

அம்மா பக்கத்தில் இருக்க எழுதும்,
உன் அப்பா