அடிபம்படியில் நடந்தது

அன்புத் தங்கை நொர்ஹைனாவுக்கு அக்கா தர்ஹாத்தா எழுதுவது.

குவைத் வெயிலில் அல்லாஹ் உனக்கு நிழலாக இருக்கட்டும். உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன் மகள் ஜுஹைரா என்னோடுதான் இருக்கிறாள். முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. சதுப்பில் தண்ணீர் ஏறியதால் படகில்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

உன் வீட்டுக்காரர் கஹார் போனில் ஏதோ சொல்லியிருப்பார். நானும் சொல்லிவிடுகிறேன்.

சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பெண்கள் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். யார் எதுவரை வரலாம் என்று ராணுவமும் நம் இயக்கமும் வரைபடத்தில் கோடு போட்ட அன்று, அந்தக் கோடு நம் பெண்கள் தண்ணீர் எடுக்கும் அடிபம்படி வழியாகப் போவதைக் காட்டினேன். "தண்ணிப் பிரச்சினையை ஊர்த்தலைவர்கிட்ட சொல்லுங்கம்மா, இது பாதுகாப்பு விஷயம்" என்றார் கேப்டன். நம் தளபதியும் சிரித்தார். அன்று இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கோடு போட்ட மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, சிப்பாய்கள் சொல்லாமல் பம்பைத் தாண்டி வந்தார்கள். தென்னந்தோப்பில் இயக்கத்தின் காவலுக்கு நின்ற கஹார் சுட்டார். குடத்தோடு நின்ற சரிக்காவின் வலது தோளில் பட்டது. உன் கல்யாண உடுப்பைத் தைத்த சரிக்காதான். எங்கள் குழுப் பெண்கள் ஆறு பேரும் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நடுவில் போனோம். சுடுவது நின்றது. அவளைத் தூக்கிவந்தோம். உயிருக்கு ஒன்றுமில்லை. கைதான் தோளுக்கு மேலே எழவில்லை.

மறுநாள் நான் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது தளபதி வந்தார். "யாரோ சுட்டாங்கன்னு எழுதும்மா. பேர் போட்டா பேச்சுவார்த்தையே நின்னுடும். அவன் உன் தங்கச்சி புருஷன் வேற" என்றார். "சுட்டவனை மறைச்சாத்தான் நிலைக்கும்னா, அந்தச் சமாதானம் யாருக்குங்க?" என்று கேட்டேன். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

பிறகு கஹாரே வந்து வாசலில் நின்றார். "அக்கா, அவ அங்க நின்னத நான் பாக்கல" என்றார். நம்பினேன். அதையும் எழுதினேன். சிப்பாய்கள் கோட்டைத் தாண்டியதை எழுதினேன். சுட்டவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சுவார்த்தை நிற்கவில்லை. ராணுவம் வாய்க்காலுக்கு அப்பால் போய்விட்டது. பம்புக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் யாரும் துப்பாக்கியோடு வரக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. பெண்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்று இந்தத் தடவை கேப்டனே என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கஹாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு இயக்க முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது தன் அண்ணனோடு வயலுக்குப் போகிறார். காலையில் சரிக்கா வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வைக்கிறார். அவள் அவரோடு பேசுவதில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. நான் போனால் சரிக்கா ஊசியில் நூல் கோக்கச் சொல்லுவாள். கோத்துக் கொடுத்தால், தைக்காமல் வைத்துக்கொண்டே இருப்பாள்.

நொர்ஹைனா, உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அப்போதும் எழுதித்தான் இருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

ஊர் வரும்போது யார் வீட்டுக்கு முதலில் போவது என்று யோசித்து நிற்காதே. நேராகக் கஹாரிடமே போ. ஜுஹைராவை நான் அங்கே கூட்டிவந்து விடுகிறேன். நீங்கள் என்னை வாசலிலேயே திரும்பிவிடச் சொன்னாலும் சரி. அதற்கு முன்னால் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் மனதுக்கு அல்லாஹ் அமைதியைத் தரட்டும்.

உன் அக்கா,
தர்ஹாத்தா