செல்லோக்காரர் வம்சத்தில் உன் பெயர்

வெஸ்ட் வின்ட்சர்
14.11.1998

அன்பு மகள் ஸ்வர்ணாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. போன திங்கட்கிழமை உனக்கு ஒரு கடிதம் போட்டேன், பழுப்பு உறை. அதைப் பிரிக்காதே. ஃபோனில் சொல்லலாம் என்று ஜெர்மனியில் உன் லைப்சிக் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டால், நீ ஏதோ பழைய காகிதம் பார்க்க டிரெஸ்டன் போயிருக்கிறாய், இருபதாம் தேதிதான் வருவாய் என்கிறார் உன் வீட்டுக்கார அம்மா. அங்கே நம்பர் தெரியாதாம். எந்தக் கடிதத்தை நீ முதலில் எடுப்பாயோ.

நடந்தது இதுதான். நீ ஆராய்ச்சிக்கு எழுதியதை அனுப்பினாயே, எல்லாம் ஜெர்மன், ஓர் எழுத்துப் புரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய தாள் மடித்து இருந்தது. மேலே டோட்ஸாவர் என்று ஒருவர், அவருக்குக் கீழே கோடு போட்டு இன்னொரு டோட்ஸாவர், மகன் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் கும்மர், அப்படியே கிளை கிளையாகப் பெயர்கள், பிறந்த வருஷம், இறந்த வருஷம், அடிக்கோடியில் பென்சிலால் உன் பெயர். சேனாபதி பெரியப்பா நம் குலக் கூட்டத்துக்கு வரைந்து அனுப்பிய வம்சப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறதே, அச்சு அசல் அதே மாதிரி. அதில் ஒரு பெண் பெயர் ஏறினால் அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் என்று அர்த்தம். வேறு என்ன நினைப்பேன், நீயே சொல். யாரோ வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு, வாயால் சொல்லப் பயந்து இப்படித் தெரிவிக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். அம்மா, "ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லாம கட்டிக்கிட்டாளே" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் எழுதக் கூடாததையெல்லாம் எழுதினேன், கிறிஸ்துமஸ் லீவுக்கு இந்த வீட்டுக்கு வராதே என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை சிவராமகிருஷ்ணன் அங்கிள் வந்தார், முன்பு ஆபீஸ் வேலையாக ஜெர்மனியில் மூன்று வருஷம் இருந்தவர். தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "மயில்சாமி, இது கல்யாண லிஸ்ட் இல்லப்பா, செல்லோ கத்துக் கொடுத்த வாத்தியாருங்களும் அவங்க ஸ்டூடன்ட்ஸும். உன் பொண்ணோட டீச்சர், அவரோட டீச்சர்னு எண்ணிட்டே போனா நூத்தம்பது வருஷத்துக்கு மேல போகுது" என்றார். பெற்ற மகனுக்கும் பாடம் படித்தவனுக்கும் ஒரே கோடு எப்படிப் போடுவார்கள், எனக்கு இன்னும் குழப்பம்தான். அவரை விடாமல் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கும்மருக்கு அரண்மனை வாத்தியக் குழுவில் செல்லோ இடம் காலி இல்லாததால் ஓபோ என்ற குழலை ஊதிக்கொண்டு உள்ளே நுழைந்தாராமே. அது ஒன்று நன்றாகப் புரிந்தது, சிவில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குள் நுழைந்தவன்தானே நான். ஒன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் உன்னையும், ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும் உன் செல்லோ வைத்த அந்தப் பெரிய பெட்டியையும் காரில் ஏற்றிப் போய், கிளாஸ் முடியும் வரை பார்க்கிங் லாட்டில் பேப்பர் படித்தேன். ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் இவர்கள் பெயர் காதில் விழுந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா படம் வந்த அன்று, என் பேர் எங்கேப்பா என்று கேட்டாய், பெண்பிள்ளைகளை எழுதுவதில்லை என்றேன், பிறகு நீ கேட்கவே இல்லை. இன்று காலை படத்தைக் கழற்றி, என் பெயருக்குக் கீழே கோடு போட்டு உன் பெயரை எழுதினேன், பேனாவால். செய்தது முறைதானா, பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை.

குளிரில் மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், தீர்க்காயுசாக இரு. பழுப்பு உறையைப் பிரிக்காமல் கிழித்துப் போடு, மறந்துவிடாதே. ஒருவேளை படித்திருந்தாயானால், டிசம்பர் இருபத்திரண்டு, நீ முன்பே சொன்ன ஃப்ளைட்டுக்கு நானும் அம்மாவும் நூவர்க் ஏர்போர்ட்டில் நிற்போம். நீ வந்தாலும் வராவிட்டாலும் நிற்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மயில்சாமி
(பக்கத்தில் அம்மா வசந்தாமணி)