ஏழு மணித் தொடரை நிறுத்திவிட்டேன், அக்கா

அக்கா,

முந்தாநாள் சாயங்காலம் மழை வலுத்ததும் டிவியில் படம் அப்படியே உறைந்தது. தொடரில் ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. இந்தச் சாஆ ஊரில் மழை வந்தால் கூரைமேல் இருக்கும் டிஷ் தட்டு எப்போதும் செய்கிற வேலைதான். நீங்கள் இருந்திருந்தால், "சரி, மிச்சத்த நீயே சொல்லு" என்றிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டுக்கு நீங்கள் குடிவந்தபோது உங்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதி, மெல்ல மெல்ல அதைக் கொண்டுபோனது. அதன் பிறகும் ஏழு மணியானால் சுவரைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். முதல் நாள் நான், "அவன் வரான்கா, அவ அழுவுறா" என்றேன்.

"அது எனக்கே கேக்குது லா. மூஞ்சி எப்படி இருக்கு, அதச் சொல்லு."

அன்றிலிருந்துதான் நான் பார்க்கவே கற்றுக்கொண்டேன். யார் யாரைப் பார்க்காமல் பேசுகிறார்கள், எந்தக் கை முந்தானையைத் திருகுகிறது என்றெல்லாம்.

ஒரு நாள் பொய் சொன்னேன். தொடரில் மகன் தன் அம்மாவை முதியோர் இல்லத்து வாசலில் விட்டுவிட்டுப் போகிறான். பேச்சே இல்லை, வெறும் இசை. ஜோகூர் பாருவில் இருந்த உங்கள் மகனும் அப்போது அந்தப் பேச்சைத்தான் எடுத்திருந்தார். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான்கா" என்றேன். மறுநாள் அந்த இல்லத்துக்காரி வாய் திறந்ததும் குட்டு உடைந்தது. விளம்பரம் வந்ததும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு. நான் தாங்குவனா மாட்டனான்னு நீ முடிவு பண்ணாத. உள்ளத சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

அங்கேயே, என் சோபாவில் உட்கார்ந்து, மகனுக்குப் போன் போடச் சொன்னீர்கள். "நான் எங்கயும் வர்ல தம்பி. என் வீட்லயே இருக்கேன். நீ ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போ." கடைசி வரைக்கும் உங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். அவரும் வந்துகொண்டுதான் இருந்தார்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "எல்லாம் போன்லயே வருதும்மா. இதுக்கு எதுக்கு இன்னும் மாசாமாசம் கட்டுறீங்க?" நானும் ஏதாவது சொல்லி மழுப்புவேன். நிறுத்தினால் உங்களை இன்னொரு தரம் வழியனுப்புவது போலிருக்கும் என்று பயந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? டிவி ஓடிக்கொண்டிருக்கும், நான் அடுப்படியில் இருப்பேன். ஒரு தொடரை முழுதாக உட்கார்ந்து பார்த்துப் பல மாதமாயிற்று.

நேற்றுக் காலை டிஷ் கம்பெனிக்குப் போன் செய்து, இணைப்பை நிறுத்தச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண், "ஏன் ஆன்ட்டி நிறுத்துறீங்க? வெல கொறச்சுத் தரலாம்" என்றாள்.

"வெல இல்லம்மா. கூட இருந்து பாத்தவங்க இல்ல."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள். நான் அழவில்லை. செய்தது சரி என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

இன்று சிகாமட் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள். ஒரு கண்ணில் கட்டு, மற்றதிலும் பார்வை மங்கல். "எங்கம்மா வந்திருக்கோம்?" என்றார். ஊர்ப் பேரைச் சொன்னால் போதும். ஆனால் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடைங்க. மூடிக் கெடக்கு. பேர்ப்பலக சாஞ்சுபோச்சு. வாசல்ல ஒரு பூன மட்டும் மொதலாளி மாதிரி ஒக்காந்திருக்கு."

முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தலையை என் பக்கம் சாய்த்து, "அப்புறம்?" என்றார்.